வணிகர் கண்ட அறமன்றம்

திருப்பணி வரலாறுகளைப் புரட்டுவார்க்கு வணிகப் பெருமக்கள் ஈந்த விளக்குக் கொடையும் நந்தவனக் கொடையும் பல கல்வெட்டுக்களில் காணக் கிடைக்கும். அத்தகைய வணிகர் தம்முள் வழக்கு நேர்ந்துழி எவரிடம் சென்று முறையிட்டனர்? நம் நாட்டு நிலை தனிக் கட்டுரைக்குரியது. ஈண்டு மேலைநாட்டுத் துறைமுகநகர் ஒன்றினை மட்டும் நோக்குவோம்.

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையில் மத்தியதரைக் கடலை அடுத்துள்ளது வலென்சியா. அரகோன் மன்னன் மூன்றாம் பீட்டர் 1283-ஆம் ஆண்டில் அந்நகரத்தார்க்கு ஓர் உரிமைச் சாசனம் வழங்கினான். அதன்படி ஆண்டுதோறும் இரு நடுவர் தேர்ந்தெடுக்கப் பெற்றனர். கன்சல் என்பது அவர்தம் பெயர். கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு முன்னாள் தேவாலயத்தில் கூடியே அத்தேர்தலை நடத்தினர் என்பதை அன்பர்கள் கருதுதல் வேண்டும். சட்டம் கற்ற பண்டிதரல்லர் அந்நடுவர்; கடலும் கலமும் அறிந்தவர். வணிகருள் சான்றோரையும் மாலுமிகளுள் சான்றோரையும் கலந்தே தீர்ப்புரைப்பர். மேல்முறையீடு கேட்பதற்கும் தனி நடுவர் ஒருவர் இருந்தார்.

பொது நீதிமன்றம் இருக்க இஃது எதற்கு என வினவலாம். காற்றுத் திரும்பியதும் கலம் புறப்பட வேண்டும். சரக்கோ நாட்பட்டால் கெடும். ஏட்டில் வாதம் எழுதி, மறுவாதம் எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க அயலூர் வணிகனால் இயலுமோ? வென்றும் அவன் தோற்றவனே ஆவான்.

அம்மன்றங்களின் வழக்காறுகள் கத்தலான் மொழியில் நூலாகத் தொகுக்கப்பட்டன. கலத்திலுள்ள சரக்கை எலி கடித்து, அக்கலத்தில் பூனையும் இல்லையெனின், இழப்பைக் கலமுடையான் ஈடுசெய்தல் வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நகைத்தற்குரியதன்று இது, கண்ணும் கருத்துமாய்ப் பிறர் பொருளைக் காத்தல் கடன் என்பதை இதனினும் தெளிவாக எவர் கூறுவர்?

வலென்சியா வணிகர் 1482-இல் எழுப்பத் தொடங்கிய பெருமண்டபம் இன்றும் நிற்கின்றது. வஞ்சமும் கடுவட்டியும் இன்றி, அயலானுக்கு அளித்த சொல்லைக் காக்கும் வணிகன் செல்வமும் நிலைபேறும் எய்துவான் என்னும் பொருள்பட அதன் சுவரைச் சுற்றிலும் இலத்தீனில் பொறித்துள்ளனர். அதன் கோபுரத்தில் கீழே வழிபாட்டுக்கூடம்; மேலே கடன் இறுக்காத வணிகர்க்குச் சிறை!

இம்முறை பிற நகரங்கட்கும் பரவியது. 1494-இல் பர்கோஸ் நகரிலும், 1563-இல் ஒன்பதாம் சார்லஸ் மன்னன் ஆணையால் பாரிஸிலும் வணிகர் மன்றங்கள் அமைந்தன. பிரான்சில் இன்றளவும் அத்தகைய மன்றங்களில் வணிகத்துறையினரே நடுவராகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆயினும் வணிகன் வழக்கை வணிகனே தீர்த்தலில் ஓர் இடரும் உண்டு. செல்வமும் செல்வாக்கும் உடையார் ஆண்டுதோறும் தம்முள்ளேயே நடுவரைத் தேர்ந்துகொள்ளின், கூலிக்கு உழைக்கும் மாலுமியின் குரல் எட்டுமோ? மாலுமிகளையும் கலந்த பழைய வழக்கமே சிறந்தது என்பது எம் கருத்து.

இக்கருத்தின் சாயல் நம் சென்னையையும் தொட்டது. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் 1683-இல் அளித்த சாசனத்தின்படி, 1686-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கடல்வழக்கு மன்றம் நிறுவப்பட்டது. சட்டம் அறிந்தார் ஒருவரோடு வணிகர் இருவரும் அமர்தல் வேண்டும் என்பது சாசன விதி. அது நெடுநாள் நிலைக்கவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் வணிக நீதிமன்றங்கட்கெனத் தனிச்சட்டம் 2015-இல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வழக்குகளே அதற்குரியன. 2018-இல் அவ்வரம்பு 3 இலட்சமாகக் குறைக்கப்பட்டமையால் சிறு வணிகர்க்கும் அதன் வாயில் திறந்தது.