மலை தந்த காற்றும் மொழி தந்த பெயரும்

தமிழர் காற்றுக்கு அது வரும் திசையைக் கொண்டு பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் கோடையின் இயல்பை வகுத்தது மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று அம்மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கத்தில் மழையைப் பொழிந்துவிடுகிறது. மறுபக்கச் சரிவில் இறங்கும்போது அழுத்தம் மிகுந்து வெப்பமடைகிறது. வறண்ட காற்றாகத் தமிழகத்தை அடைகிறது. மேல்காற்றையும் வெப்பப் பருவத்தையும் கோடை என்னும் ஒரே சொல் குறிப்பது பொருத்தமே.

இலங்கையில் மத்திய மலைநாடு இவ்வேலையைச் செய்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் மட்டக்களப்பில் வீசும் வெப்பமான மேல்காற்றை மக்கள் கச்சான் என்பர். ஆல்ப்ஸ் மலையின் ஃபோன் காற்றும் இவ்வகையினதே.

சிங்கப்பூரின் உயர்ந்த குன்றாகிய புக்கிட் தீமா ஏறத்தாழ 164 மீட்டரே. ஆயினும் மலை எழுப்பும் காற்று நமக்கும் உண்டு. அம்மலை கடலுக்கு அப்பால் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையோரமாகப் பாரிசான் மலைத்தொடர் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் கெரிஞ்சி சிகரம் 3,805 மீட்டர் உயரமுடையது. இரவில் குளிர்ந்த காற்று மலைச்சரிவுகளில் இறங்கி, நிலக்காற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. அங்கே கடலின் வெதுவெதுப்பான ஈரக்காற்றை மேலே தள்ள, இடிமுகில்கள் வரிசையாகத் திரள்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் அவ்வரிசை கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் நம்மை வந்தடைகிறது. மழையோடு கீழிறங்கும் குளிர்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் முந்திப் பாய்கிறது. தேக்காவின் பூக்கடைகளில் தார்ப்பாய்கள் படபடக்கும் காலை அதுவே. 2024 செப்டம்பர் 17 அன்று மாலையில் வந்த இத்தகைய காற்று தீவெங்கும் மரங்களைச் சாய்த்தது.

ஆங்கிலத்தில் இக்காற்றின் பெயர் சுமத்ரா. அது கடன்சொல் என்று நாம் தயங்க வேண்டுமா? தமிழருக்குச் சுமத்ரா புதிதன்று. பாரிசான் தொடருக்கு மேற்கே, பாருஸ் கடற்கரையில், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. மேலும், காற்று வரும் பக்கத்தைச் சுட்டிப் பெயரிடுவது நம் பழைய மரபே. ஆகவே சுமத்ராக்காற்று என்பதைத் தென்றல், வாடை, கொண்டல், கோடை ஆகியவற்றோடு ஐந்தாவதாக நம் வகுப்பறைகளில் கற்பிக்கலாம். வாழும் நிலத்தின் காற்றுக்குப் பெயர் இல்லாத மொழி, அந்நிலத்தில் விருந்தாளியாகவே தங்கிவிடும்.