அரங்கின் கதவும் அறிவின் மொழியும்

மெய்யியல் யாருக்கு உரியது? கற்றோர் அவைக்கு மட்டும் உரியதா, கடைத்தெருவில் நடப்பவனுக்கும் உரியதா? இவ்வினாவுக்குப் பல்கலைக்கழகங்கள் தந்த விடைகளுள் ஒன்று, பொதுமக்களும் வந்து கேட்கத்தக்க அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆகும். அதன் வரலாற்றை நம் புறநகர் மண்ணில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாட்டில் இம்முறைக்குத் தெளிந்த வடிவம் தந்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நீதிபதி ஆடம் கிஃபோர்டு பிரபு. 1887இல் மறைந்த அவர், நான்கு ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களுக்குத் தம் செல்வத்தின் ஒரு பகுதியை எழுதிவைத்தார். சொற்பொழிவாளர் எச்சமயத்தவராயினும், சமயமே இல்லாதவராயினும் தடையில்லை. மாணவர் மட்டுமன்றிப் பொதுமக்களும் கேட்க வரலாம் என்பன அவர் விதித்த நெறிகள். 1888இல் தொடங்கிய அவ்வரிசை இன்றும் தொடர்கிறது. சமய அனுபவம் பற்றிய வில்லியம் ஜேம்சின் புகழ்பெற்ற நூல் 1901-02இல் எடின்பரோவில் அவர் நிகழ்த்திய இவ்வுரைகளிலிருந்தே உருவாயிற்று.

இத்தகைய மேடையொன்றில்தான் திருத்தணியில் 1888இல் பிறந்த ஒருவரும் ஏறினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, மாநிலக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்த டாக்டர் இராதாகிருஷ்ணன், 1926இல் ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியில் அப்டன் சொற்பொழிவுகளை ஆற்றினார். அவை மறு ஆண்டே நூலாக வெளிவந்து, இந்திய மெய்யியலை உலகப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தன.

அந்த 1927இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறையும் தோன்றியது. எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரியார் அதனை வளர்த்தார், அவருக்குப்பின் டி.எம்.பி. மகாதேவன் பொறுப்பேற்றார். 1964இல் பல்கலைக்கழக மானியக் குழு அதனை உயராய்வு மையமாக ஏற்றது. பின்னர் அது இராதாகிருஷ்ணன் பெயரையே தாங்கி நின்றது. கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர் பெயரால் அமைந்த அறக்கட்டளையில் மைசூர் ஹிரியண்ணா போன்ற பேரறிஞர் உரையாற்றினர். சொர்ணம்மாள் அறக்கட்டளையின்கீழ் 1959-60 முதல் 1968-69 வரை திருக்குறள் பற்றி நிகழ்ந்த உரைகளைப் பல்கலைக்கழகமே நூலாக்கியது. ஒரு பெண்மணியின் பெயர் தாங்கிய அறக்கட்டளை வள்ளுவரின் சிந்தனைக்கு மேடை அமைத்தது என்பது போற்றத்தக்கதாகும்.

எனினும் ஓர் உண்மையை மறைத்தற்கில்லை. கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே வந்தவன் பொருளறிந்து கேட்பது வேறு. மில்லர் அறக்கட்டளை உரைகள் போன்றவை ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. அனுமதிச் சீட்டு வேண்டாம் என்று அறிவித்த அரங்கில், அறிவிக்கப்படாத அனுமதிச் சீட்டாக ஆங்கிலம் நின்றது. அம்மொழி வழியாகவே உலக அறிஞரோடு உரையாட முடிந்தது என்பது ஒப்பத்தக்கதே. ஆனால் உலகோடு பேசுவதற்கு வாய்த்த மொழி, அடுத்த தெருவோடு பேசுவதற்குத் தடையாயிற்று என்பதையும் நாம் ஒப்புதல் வேண்டும்.

தமிழில் மெய்யியல் பேசுதல் இயலாது என்பார்க்கு நம் வட்டாரமே விடை கூறும். பூவிருந்தவல்லியில் பிறந்தவராகக் குருபரம்பரை நூல்கள் போற்றும் திருக்கச்சி நம்பிகள் வணிகர் குலத்தவர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய அவர் வாயிலாகவே இராமானுசர் தம் ஐயங்களுக்கு விடையாக 'ஆறு வார்த்தைகளை'ப் பெற்றார் என்பர். கடவுளுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு, வீடுபேற்றுக்கான வழி ஆகிய பெரும் வினாக்களுக்கு உரிய விடைகள் அவை. திருக்கோட்டியூரில் மறைபொருளாகப் பெற்றதை அதே இராமானுசர் கூடியிருந்தோர்க்கெல்லாம் வெளியிட்டார் என்றும் மரபு கூறுகிறது. இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாவிடினும், அறிவைப் பூட்டி வைத்தல் ஆகாது என்னும் எண்ணம் இம்மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

பக்தி மரபு மட்டுமன்று, அதனை மறுத்த மரபும் தமிழிலேயே பேசியது. 1882 முதல் 1888 வரை சென்னை லௌகிக சங்கத்தார் நடத்திய 'தத்துவ விவேசினி' இதழ், கடவுள், ஒழுக்கம், சாதி பற்றிய கடினமான வாதங்களைத் தமிழ் உரைநடையில் எழுப்பியது. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறை தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி 1856இல் ஓடத்தொடங்கிய இருப்புப்பாதை அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுச் செல்கிறது. அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிசப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. செல்வம் யாருக்குரியது, உழைப்பின் மதிப்பு யாது என்பன மெய்யியல் வினாக்களே அல்லவா? பின்னர் இங்கே தொழிற்பேட்டையும் படைத்துறைத் தொழிற்சாலையும் எழுந்தன. அவ்வினாக்களைத் தம் வாழ்வாலேயே எதிர்கொண்ட தொழிலாளர் ஆயிரக்கணக்கில் குடியேறினர். ஆனால் அலுவல் நாளின் பிற்பகலில் சேப்பாக்கத்தில் ஓர் ஆங்கில உரை நிகழுமாயின், முறைப்பணி முடித்த ஆவடித் தொழிலாளிக்கும் அடுப்படி விட்டு அகலாத அம்பத்தூர்ப் பெண்ணுக்கும் அது பொதுச்சொற்பொழிவு ஆகுமா?

ஆதலின் வேண்டுவன மூன்று. அறக்கட்டளை உரைகளுள் சிலவேனும் தமிழில் நிகழ்தல் வேண்டும். அவை விடுமுறை நாளில் புறநகர் நூலகங்களுக்கும் பள்ளி அரங்குகளுக்கும் வருதல் வேண்டும். உரைக்கு ஒதுக்கும் நேரத்தின் பாதியேனும் கேட்போர் வினாவுக்கு ஒதுக்கப்படுதல் வேண்டும். கேள்வி கேட்க இடமில்லாத இடத்தில் சொற்பொழிவு நிகழலாம், மெய்யியல் நிகழாது.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி, கேட்பதும் மறுப்பதும் பழகிய நம் இலக்கிய வட்டம் இதற்குத் தகுந்த களமாகும். பதினொன்றாம் ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் இதற்கு ஒதுக்கி, பல்கலைக்கழக மெய்யியல் ஆசிரியர் ஒருவரை அழைப்போமாக. அவர் தமிழில் பேசட்டும்; நாம் தயங்காது வினவுவோம்.