ஒரே கார், பல விலை: ஹைப்ரிட் வாகனமும் வரிச் சட்டத்தின் அளவுகோலும்

புனேயின் வடகிழக்கே, லோஹேகாவ் விமானப்படைத் தளத்தை ஒட்டிய சாலைகளில், ஒரே ஆலையில் செய்த ஒரே மாடல் ஹைப்ரிட் கார் இருவகை நம்பர் பிளேட்டுகளோடு ஓடுவதைப் பார்க்கலாம். ஒன்று எம்எச் 12 என்று தொடங்கும், புனேக்காரரின் கார். மற்றதில் பதிவு செய்த ஆண்டின் இலக்கங்களை அடுத்து பிஎச் என்ற எழுத்துகள் இருக்கும். அது பெரும்பாலும், மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகும் விமானப்படைப் பணியாளருடையது. முன்னவர் 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையுள்ள பெட்ரோல் காருக்கு 12 சதவீதமும் அதற்கு மேல் 13 சதவீதமும் மகாராஷ்டிர அரசுக்குப் பதிவு வரியாக ஒரே தவணையில் கட்டுகிறார். ஜிஎஸ்டி சேர்ந்த விலையின் மேல் கணக்கிடுவதால், அது வரியின் மேல் விழும் வரி. பின்னவருக்கு 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதி பொருந்தும்: விலைக்கேற்ப 8, 10, 12 சதவீதம், ஜிஎஸ்டி நீங்கலான விலையின் மேல், இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம்.

ஒரே தெருவில் நிற்கும் இரு கார்களிடையே இவ்வளவு வேறுபாடு என்றால் நாடுகளுக்கிடையே எவ்வளவு இருக்கும்? இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லும் விடை கப்பல் கூலி, சுங்கம், நாணய மாற்று என்பதே. இவை பொய்யல்ல, ஆனால் போதாது. ஹைப்ரிட் காரை எந்த வகைப் பொருளாக ஓர் அரசு கருதுகிறது என்பதுதான் அதன் விலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த வகைப்பாட்டை இந்தியா தவறான அளவுகோலால் செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தியச் சந்தைக்கு வந்த முதல் ஹைப்ரிட் ஹோண்டா சிவிக். 2008 ஜூனில், ஜப்பானிலிருந்து முழுக் காராக இறக்கி, 21.5 லட்சம் ரூபாய் என்று விலை வைத்தார்கள். அமெரிக்காவில் அதன் விலை சுமார் 22,600 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் அது பத்து லட்சம் ரூபாயைக்கூடத் தொடாது. முழுக் காருக்கான இறக்குமதி வரிச்சுமை ஏறத்தாழ காரின் மதிப்பளவே இருந்தது. கார் விற்கவில்லை. சில மாதங்களிலேயே 8 லட்சம் குறைத்து 13.5 லட்சத்துக்குத் தந்தார்கள், கையிருப்பு மளமளவென்று தீர்ந்தது. இந்தியர் ஹைப்ரிட் தொழில்நுட்பத்தை ஏற்கவில்லை என்று பின்னாளில் சிலர் எழுதியபோது, விலை குறைந்த அந்தச் சில வாரங்களை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. 2010இல் டொயோட்டா பிரியஸும் இதே வழியில் வந்தது. அமெரிக்காவில் 22,000 டாலர் அளவில் கிடைத்த கார் இங்கே சுமார் 26.5 லட்சம் ரூபாய்.

அவை முழுக் காராக வந்தவை. உள்நாட்டில் பூட்டினால் இடைவெளி மூடிவிடுமா? டொயோட்டாவின் கேம்ரியைப் பார்ப்போம். 2013 முதல் ஹைப்ரிட் கேம்ரி உதிரிகளாக வந்து கர்நாடகத்தின் பிடதியில் காராகிறது. 2024 டிசம்பரில் புதிய கேம்ரி வந்தபோது அதன் ஷோரூம் விலை 48 லட்சம் ரூபாய். வசதிகளில் ஏறத்தாழ இணையான எக்ஸ்எல்இ வகை அமெரிக்காவில் அப்போது 33,400 டாலர், அதாவது டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 28.4 லட்சம். வேறுபாடு 19.6 லட்சம். அப்போது ஹைப்ரிட் காருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், இழப்பீட்டு செஸ் 15 சதவீதம், ஆக 43. நாற்பத்தெட்டு லட்சத்திலிருந்து இந்த வரியைக் கழித்தால் 33.6 லட்சம் மிஞ்சும். எனில் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் மட்டும் 14.4 லட்சம், வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு. உதிரிகள் மீதான சுங்கம், கூலி, குறைந்த எண்ணிக்கையில் விற்பதால் கூடும் செலவு, விற்பனையாளர் பங்கு எல்லாம் சேர்ந்தே எஞ்சிய ஐந்து லட்சத்தில் அடங்கிவிடுகின்றன. அமெரிக்க விலையில் மாநில விற்பனை வரி சேரவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்புதான். ஆனால் அந்தக் கார் உருவாகும் கென்டக்கியில் வாகனத்துக்கான அந்த வரி 6 சதவீதம். அதைச் சேர்த்தாலும் கணக்கின் போக்கு மாறாது. புனேயில் பதிவுக்காக இன்னும் 13 சதவீதம் சேர வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

கார்க் கம்பெனிகளையும் இதில் முழுமையாக விடுவிக்க முடியாது. 2022இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிடும் மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடும் தொடக்கத்தில் உயர்நிலை வகைகளில் மட்டுமே கிடைத்தன. மைலேஜ் மட்டும் வேண்டுமென்று வருபவரும் அந்த வகைகளோடு வரும் ஆடம்பரங்களுக்கெல்லாம் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் இதற்கும் வரிதான் பாதிக் காரணம் என்பேன். எப்படியும் விலை ஏறப்போகிற பொருளை வசதி படைத்தவருக்கென்றே வடிவமைப்பது வணிகத்தின் இயல்பு.

பிற நாடுகளில் வகைப்பாடு எப்படி விலையாகிறது என்பதற்கு இலங்கை நல்ல சான்று. அங்கே ஹைப்ரிடுக்குச் சலுகை வரி இருந்த 2010களின் முற்பகுதியில் பிரியஸ், ஆக்வா, வெசல் போன்ற கார்கள் ஜப்பானிலிருந்து சாரிசாரியாக வந்திறங்கின. நடுத்தரக் குடும்பத்தின் கனவுக் கார் என்றாலே ஹைப்ரிட் என்ற நிலை வந்தது. பிறகு வரி ஏறியது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதியே நின்றது. 2022இல் ரூபாய் சரிந்தது. பழைய ஹைப்ரிட் கார்கள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலை போயின. 2025 பிப்ரவரி 1இல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது வரியும் மாற்று விகிதமும் சேர்ந்து அதே வகைக் காரை எட்டாத உயரத்தில் நிறுத்தின. கார் மாறவில்லை, அரசின் தேவை மாறிக்கொண்டே இருந்தது. சிங்கப்பூரில் காரணம் வேறு. 1990 முதல் அங்கே கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய நாட்களில், அதன் விலையே பல கார்களின் இறக்குமதி மதிப்பை விஞ்சியது. சிறு தீவில் சாலை இடமே அருமையான பொருள், அதற்குத்தான் விலை. அந்தக் கொள்கை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன் காரணம் தெளிவாகத் தெரிகிறது.

இந்தியாவின் காரணம் என்ன? 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் என்பது நிபந்தனை. சிறிய கார்களின் உற்பத்தி மையமாக இந்தியாவை வளர்ப்பதற்கான விதி அது, அந்த நோக்கத்துக்குப் பொருத்தமானதே. ஆனால் இந்தியச் சாலையில் ஹைப்ரிட் கார் வருவதற்கு இரண்டாண்டு முன்பே எழுதப்பட்ட விதியும் அதுதான். எரிபொருள் எவ்வளவு செலவாகிறது என்று அது கேட்பதே இல்லை. காரின் நீளத்தையும் சிசியையும் மட்டுமே பார்க்கிறது. அதே எல்லைக்கோடு பெயர் மாறி இன்றைய ஜிஎஸ்டிக்குள் வாழ்கிறது.

2025 செப்டம்பர் 22இல் வந்த ஜிஎஸ்டி மாற்றம் எல்லாக் கார்களின் விலையையும் குறைத்தது என்று கொண்டாடப்பட்டது. ஹைப்ரிடுக்கு நேர்ந்தது வேறு. முன்பு பெரிய பெட்ரோல் கார்களுக்கு 45 முதல் 50 சதவீதம் வரை வரி இருந்தபோது ஹைப்ரிடுக்கு 43. சிறிய சலுகைதான், ஆனால் சட்டம் அதைத் தனிப் பொருளாக ஏற்றதன் அடையாளம் அது. இன்று நீள எல்லையைத் தாண்டிய பெட்ரோல் காருக்கும் ஹைப்ரிடுக்கும் ஒரே 40. மின்சாரக் காருக்கு 5. சிறிய பெட்ரோல் காருக்கு 18. கேம்ரி வாங்குபவருக்குச் சுமார் ஒரு லட்சம் மிச்சமாயிற்று, சட்டத்தின் பார்வையிலோ ஹைப்ரிட் என்ற தனி இனம் மறைந்துபோயிற்று.

மாநிலங்கள் இந்த இடைவெளியைத் தம் விருப்பப்படி நிரப்புகின்றன. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசம் ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார்களுக்குப் பதிவு வரியை முழுவதும் நீக்கியது. அப்போது அங்கே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வழக்கமான வரி 10 சதவீதமாக இருந்தது. புனேயில் அப்படியொரு சலுகை இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 18 சதவீதமும் 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதமும் கட்ட வேண்டும். பிடதி ஆலையிலிருந்து சென்னை கூப்பிடு தூரம், லக்னோ நாட்டின் மறுகோடி. ஆலைக்கு அருகிலுள்ள ஊரில் கார் கூடுதல் விலைக்கு விற்கிறது. கப்பல் கூலி, லாரிக் கூலி என்று விலையை விளக்குபவர்கள் இந்த உதாரணத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

மறுதரப்பின் வாதத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஹைப்ரிட் கடைசியில் பெட்ரோல் எரிக்கும் வண்டிதான், அதற்குச் சலுகை தந்தால் மின்சாரக் காரில் போட்ட முதலீடு பின்னடையும் என்று உள்நாட்டு மின்கார் உற்பத்தியாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 2024இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி முன்வைத்த 5 சதவீத ஜிஎஸ்டி யோசனை மின்காரையும் ஹைப்ரிடையும் ஒரே படியில் வைப்பது, அதை நானும் ஏற்கவில்லை. ஆனால் 5க்கும் 40க்கும் நடுவே படியே இல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு. லோஹேகாவில் அண்மையில் எழுந்த அடுக்ககங்களில் சொந்தமாகச் சார்ஜிங் இடம் எல்லாருக்கும் வாய்த்துவிடவில்லை. அத்தகைய வீட்டுக்காரர் பெட்ரோல் செலவைக் குறைக்க நினைத்தால் அவருக்குக் கிடைக்கும் முதல் வழி ஹைப்ரிட்தான். தாய்லாந்து 2016 முதல் காரின் கரியமில வாயு வெளியீட்டை வைத்து உற்பத்தி வரி விதிக்கிறது. குறைவாக வெளியேற்றும் கார் குறைவாகக் கட்டுகிறது, ஹைப்ரிடுக்கென்று தனி வரி விகிதங்களும் அங்கே உண்டு.

இந்தியாவில் அந்த முறைக்குப் புதிய அமைப்பெதுவும் வேண்டாம். சந்தைக்கு வரும் ஒவ்வொரு மாடலின் எரிபொருள் செலவும் ஏற்கெனவே சோதித்துச் சான்றளிக்கப்படுகிறது. அந்தப் பணியில் முன்னிற்கும் ஏஆர்ஏஐ நிறுவனம் 1966 முதல் இதே புனேயில்தான் இயங்குகிறது. பிடதியில் உருவாகும் இன்னோவா ஹைகிராஸ் இரு வகையாக வருகிறது. நீளம் ஒன்று, 1,987 சிசி என்ற என்ஜின் கொள்ளளவும் ஒன்று. பெட்ரோல் வகைக்குச் சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 16.13 கிலோமீட்டர், ஹைப்ரிடுக்கு 23.24. இரண்டுக்கும் இன்று ஜிஎஸ்டி 40 சதவீதம்.