அயர்லாந்துக்குக் குடிபெயரும் ஐரிஷ் அமெரிக்கர்கள்

தங்கள் முன்னோர் அயர்லாந்துக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர்கள் 3 கோடிக்கும் மேல். அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகையோ 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 51.5 லட்சம். பூர்விக மண்ணில் போய்க் குடியேறலாமா என்ற எண்ணம் இந்தப் பெருங்கூட்டத்தில் தலைமுறைதோறும் எழுந்து அடங்குகிறது. அவர்களில் மிகப் பலருக்கு அந்நாட்டின் குடியுரிமைச் சட்டத்தில் இடமில்லை.

புறப்பாடு

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த நோய் பெரும் பஞ்சமாக முற்றியது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை இன்றுவரை அந்த அளவை மீண்டும் எட்டவில்லை. புறப்படுகிறவருக்காக முந்தைய இரவு ஊரும் உறவும் கூடி, குடித்து, பாடி, அழுது, விடிய விடிய விழித்திருப்பார்கள். இறந்தவரைக் கிடத்தி வைத்து நடத்தும் சடங்கின் சாயலில், உயிரோடிருப்பவருக்கு நடந்த இதற்கு ‘அமெரிக்க இழவு’ என்றே பெயர். போனவர் வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். இத்தாலியர்களோடு ஒப்பிட்டால் ஐரிஷ்காரர்களில் ஊர் திரும்பியவர்கள் மிகக் குறைவு.

திரும்பியவர்களில் ஒரு குழந்தை வரலாற்றில் இடம்பெற்றது. நியூயார்க்கில் 1882இல் பிறந்த எய்மன் டி வலேராவை இரண்டு வயதில் லிமெரிக் மாவட்டத்தின் ப்ரூரிக்குக் கொண்டுவந்து, தாய்வழிப் பாட்டி வளர்த்தார். 1963 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி அயர்லாந்து வந்தபோது அவரை வரவேற்ற குடியரசுத் தலைவர் இந்த டி வலேராதான். அமெரிக்காவில் பிறந்தவர் அயர்லாந்தின் தலைவராகவும், அயர்லாந்தைவிட்டுப் போனவர்களின் வழிவந்தவர் அமெரிக்காவின் தலைவராகவும் எதிரெதிரே நின்றார்கள்.

தாத்தா பாட்டி வரை

பெற்றோரில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்த ஐரிஷ் குடிமகன் என்றால், பிள்ளை எங்கே பிறந்தாலும் தானாகவே குடியுரிமை உண்டு. தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால் ‘வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில்’ பெயர் சேர்க்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 278 யூரோ. பெல்ஃபாஸ்ட் போன்ற வட அயர்லாந்து ஊர்களில் பிறந்த தாத்தா பாட்டியும் பொதுவாகக் கணக்கில் வருவார்கள். அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்க வேண்டியதில்லை.

கொள்ளுத்தாத்தா மட்டுமே அங்கே பிறந்தவர் என்றால் கதை வேறு. இன்றைய விதிப்படி, விண்ணப்பிப்பவர் பிறப்பதற்கு முன்பே அவருடைய தாயோ தந்தையோ பதிவேட்டில் சேர்ந்திருக்க வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்துதான் குடியுரிமை தொடங்குகிறது. எனவே ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பதிவால் பலனில்லை. பஞ்சகாலத்தில் போனவர்களின் வாரிசுகள் இந்த இடத்தில்தான் கழிகிறார்கள். கென்னடியின் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எண்மரும் அயர்லாந்துக்காரர்கள். தாத்தா, பாட்டி நால்வரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். தாத்தா பாட்டி விதியை வைத்துப் பார்த்தால் அவருக்கே இன்று கதவு திறக்காது. பூர்விக ஊர்களான மணிகால், பாலினா ஆகியவற்றுக்குப் போய் வரவேற்புப் பெற்ற ஒபாமாவுக்கும் பைடனுக்கும் அப்படியே.

ஆனால் பாசத்துக்குக் குறைவில்லை. 1998 வட அயர்லாந்து அமைதி உடன்பாட்டை ஒட்டித் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 2ஆம் உறுப்பு, வெளிநாடுகளில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினரோடு தேசத்துக்குள்ள தனி உறவைப் போற்றுகிறது. அது உரிமை எதையும் தரவில்லை. 2011இல் அரசு ‘ஐரிஷ் பாரம்பரியச் சான்றிதழ்’ ஒன்றை விலைக்கு வழங்கத் தொடங்கியது. சட்ட மதிப்பு ஏதுமில்லாத அந்தத் தாளை வாங்க ஆள் சேராததால் 2015இல் கைவிட்டது. ஐரிஷ் வம்சாவளியினருக்குக் குடியுரிமை நிபந்தனைகளைத் தளர்த்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. அது அவர் விருப்பத்துக்கு உட்பட்டது, கேட்டுப் பெறும் உரிமை அல்ல.

ஆவணங்களைப் பொறுத்தவரை, 1922இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது பெரிய இழப்பு. ஆயினும் 1864 முதலான பிறப்புப் பதிவுகள் தப்பின. தாத்தா பாட்டி பிறப்பை நிறுவ அவை பெரும்பாலும் போதும். காகிதம் கிடைக்காமல் தவிப்பவர்கள் அதற்கு முந்தைய தலைமுறைகளைத் தேடுபவர்கள். கிடைத்தாலும் சட்டம் அவர்களை ஏற்பதில்லை.

மற்ற வழிகள்

வம்சாவளி வழி அடைபட்டவர் பிற வெளிநாட்டினரைப் போலத்தான் வர வேண்டும். அமெரிக்கர்கள் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். அதற்கு மேல் வேலை அனுமதி, படிப்பு, திருமண உறவு என்று ஏதாவது வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் நாடும் ‘ஸ்டாம்ப் 0’ அனுமதிக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 யூரோ வருமானமும், திடீர்ச் செலவுக்குக் கைவசம் பெருந்தொகையும், தனியார் மருத்துவக் காப்பீடும் தேவை. வேலை பார்க்கக் கூடாது. அந்த அனுமதியில் கழியும் ஆண்டுகள் குடியுரிமைக்கான வசிப்புக் கணக்கிலும் சேராது.

வீடு வாங்கினால் தங்கும் உரிமை வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. வெளிநாட்டவர் சொத்து வாங்கத் தடையில்லை, அவ்வளவுதான். 2023இல் கரைக்கு அப்பாலுள்ள சிறு தீவுகளுக்கான கொள்கையை அரசு வெளியிட்டபோது, அங்கே பாழடைந்த வீடுகளைப் புதுப்பிக்க 84,000 யூரோ வரை மானியம் என்ற செய்தி, ‘குடியேறுவோருக்கு அயர்லாந்து பணம் தருகிறது’ என்று உலகெங்கும் திரிந்து பரவியது. பணம் கட்டட வேலைக்கு; விசா அதில் இல்லை.

ஜான் ஃபோர்டின் ‘தி கொயட் மேன்’ (1952) படத்தில் ஜான் வெய்ன் பூர்விகக் குடிசையை வாங்கிக்கொண்டு குடியேறுவதைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு. அந்தப் பாத்திரம் அயர்லாந்திலேயே பிறந்தவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வந்த பிறகு

முதல் தடை வீடு. டப்ளினில் மட்டுமல்ல, சிற்றூர்களிலும் வாடகை வீடு கிடைப்பது அரிது. அமெரிக்க ஓட்டுநர் உரிமத்தை மாற்றித் தருவதில்லை. நாற்பது ஆண்டு வண்டி ஓட்டியவரும் எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்கா தன் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் வருமானக் கணக்குக் கேட்பதால், இரு நாடுகளுக்கும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியவர்கள் பலர். இரட்டை வரியைத் தவிர்க்க ஒப்பந்தம் உண்டு.

2025 ஏப்ரலுடன் முடிந்த ஓராண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் சுமார் 9,600 பேர் என்கிறது அயர்லாந்தின் மத்திய புள்ளியியல் அலுவலகம். முந்தைய ஆண்டில் 4,900. இதில் ஊர் திரும்பிய ஐரிஷ் குடிமக்களும் அடக்கம் என்பதால், முழுவதையும் வம்சாவளியினர் கணக்கில் எழுத முடியாது. டிரம்ப் மீண்டும் பதவியேற்ற சமயத்தில் குடிபெயர்ந்த நடிகை ரோஸி ஓ’டானல், தாத்தா பாட்டி வழியில் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். குடியுரிமை பெற்றும் குடிபெயராதவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாஸ்போர்ட்டோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் வாழலாம், வேலை பார்க்கலாம். ஆனால் அயர்லாந்தில் வசிக்காதவர்களுக்குப் பொதுத் தேர்தலிலோ குடியரசுத் தலைவர் தேர்தலிலோ பொதுவாக வாக்கு இல்லை.