மலேரியா ஒட்டுண்ணியின் ஒட்டற்புரதங்கள்

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஒரு தனிக்கல உயிரி. செங்குழியத்தினுள் வளரும்போது தான் ஆக்கிய புரதங்களை அச்செங்குழியத்தின் மென்சவ்வுக்கு, அதாவது குழியத்தைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறைக்கு, அனுப்பி, அதற்கு இயல்பில் இல்லாத ஒட்டும் தன்மையைக் கொடுக்கிறது. முதிர்ந்த செங்குழியத்தில் கருவோ புரதம் ஆக்கும் அமைப்போ இல்லையாதலால், புரதங்களை மேற்பரப்புக்குக் கொண்டுசெல்லும் வழியையும் ஒட்டுண்ணியே அமைத்துக்கொள்கிறது. ஒட்டும் தன்மை பெற்ற குழியம் நுண்குருதிக்கலன்களின் சுவரைப் பற்றிக்கொண்டு, பழுதுற்ற குழியங்களை வடித்தழிக்கும் மண்ணீரலுக்குச் செல்லாமல் தப்புகிறது; மூளையின் கலன்கள் இவ்வாறு அடைபடுமானால் நோயாளி உயிராபத்துக்கு உள்ளாகிறார்.

பிளாஸ்மோடியம் பல்சிபாரம் என்னும் இனம் உள்ளுறுப்புகளின் கலன்களில் தேங்குவதை இத்தாலிய மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டிருந்தனர். ஆயினும் அதற்குக் காரணமான புரதம் 1980களில்தான் இனங்காணப்பட்டது; பி.எஃப்.ஈ.எம்.பி.1 என்பது அதன் பெயர்.

அக்காலத்தில் இலங்கையில் நடந்த ஆய்வு இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மென்டிஸ், ஷிரோமா ஹந்துன்னெத்தி, பீட்டர் டேவிட் ஆகியோர், இலங்கைக்கே உரிய மக்காக்கா சினிக்கா என்னும் குரங்கினத்தில் இயற்கையாக வாழும் பிளாஸ்மோடியம் பிராகைலை ஆராய்ந்து, செங்குழிய மேற்பரப்பில் ஒட்டுண்ணி காட்டும் புரதங்கள் தொற்று நீடிக்கையில் மாறுபடுவதை 1987இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், தொற்றுற்ற ஒரு செங்குழியத்தைச் சுற்றித் தொற்றில்லாத செங்குழியங்கள் பூவிதழ்கள்போல் ஒட்டிக்கொள்வதை இக்குழுவினர் பிற ஆய்வாளருடன் சேர்ந்து விவரித்து, அதற்கு ரோசெட் ஆக்கம் எனப் பெயரிட்டனர். மனித ஒட்டுண்ணியான பல்சிபாரத்திலும் இதே இயல்பு 1989இல் உறுதியாயிற்று. குரங்கின் ஒட்டுண்ணியைப் பொறுமையாக ஆராய்ந்ததன் பயனாகவே மனித நோயின் இவ்வியல்பு முதலில் வெளிப்பட்டது.

பி.எஃப்.ஈ.எம்.பி.1 புரதத்துக்குரிய வார் என்னும் பரம்பரையலகுக் குடும்பம் 1995இல் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 60 பரம்பரையலகுகளைக் கொண்ட அக்குடும்பத்தில் ஓர் ஒட்டுண்ணி ஒரு வேளையில் ஒன்றையே பெரும்பாலும் இயக்குகிறது. உடலின் பிறபொருளெதிரிகள் ஒரு வடிவத்தை அடையாளங்கண்டு தாக்கத் தொடங்கும்போது, வேறொரு வடிவத்துக்கு மாறிய ஒட்டுண்ணிகள் தப்பிப் பெருகுகின்றன. ஓ வகைக் குருதியில் ரோசெட்டுகள் உறுதி குன்றியவையாக அமைவதும் அறியப்பட்டுள்ளது.

இலங்கையில் உள்நாட்டில் தொடர்ந்து பரவிய மலேரியா 2012க்குப் பின் காணப்படவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாகச் சான்றுபடுத்தியது. ஆனால் அவ்வாண்டின் இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்ட அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும், மலேரியாவைப் பரப்பவல்ல நுளம்பு பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணப்பட்டது. வற்றாத ஆறுகளின்றிக் கிணற்று நீரையே பெரிதும் நம்பியிருக்கும் குடாநாட்டில் அதன் குடம்பிகள் கிணறுகளில் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். ஆகவே வெளிநாட்டிலிருந்து தொற்றுடன் திரும்பும் ஒவ்வொருவரையும் விரைவில் இனங்காண்பது இங்கு இன்றியமையாதது. ஆயினும் முதிர்ந்த ஒட்டுண்ணிகள் கலன்சுவரில் ஒட்டி மறைந்திருக்க, விரல்நுனிக் குருதியில் இளம் வளைய வடிவங்களே பெரும்பாலும் தென்படுவதால், பல்சிபாரம் தொற்றில் குருதிப் பூச்சில் எண்ணப்படும் தொகை உடலிலுள்ள முழுத் தொகையைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.