வேலி போடுகிறவருக்கு என்ன கூலி?

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். ஜாகீர் ஒழிந்தது, கூலிக் கேள்வி ஒழியவில்லை.

குழி தோண்டி, கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்துக் கட்டும் தொழிலாளிக்கு எவ்வளவு தர வேண்டும்? 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குச் சொன்னது: ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது 1991 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

அதற்கு முன்பே, 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது, அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு.

2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அரிசி, வாடகை, பள்ளிச் செலவு, மலையிலிருந்து கள்ளக்குறிச்சி வந்துபோகும் பஸ் கட்டணம் என உங்கள் ஊர்க் கணக்கை எழுதிப் பாருங்கள் தோழர்களே. தூண் கணக்கில் பேசினாலும் அடிக் கணக்கில் பேசினாலும், நாள் முடிவில் கைக்கு வருவதை அந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். குறைகிற ஒவ்வொரு ரூபாயும் சலுகையல்ல, நமக்கு வர வேண்டிய பாக்கி.