மணிபல்லவத்துப் பீடிகையும் கந்தரோடைத் தூபிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பௌத்தச் சின்னங்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அவற்றின் காலத்தையும் உரிமையையும் பற்றியே எழுதியுள்ளனர். அந்த ஆய்வுகள் வேண்டியவையே. ஆயினும் இச்சின்னங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. காண்பவரைத் தம் எண்ணத்தையே உற்று நோக்கச் செய்வது அது. ஒரு செயலின் வேரை அதனை ஏவிய எண்ணத்தில் காண்பது பௌத்த அறம்.

இதனைச் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு பீடிகையைக் கொண்டு விளக்குகிறார். மணிபல்லவம் என்னும் தீவில் இருந்த அப்பீடிகை மூன்று முழ உயரமும், திசைதோறும் ஒன்பது முழ அகலமும் கொண்டது. அதில் புத்தர் உருவம் இல்லை. நாகநாட்டு மன்னர் இருவர் அதனைத் தமதெனக் கொண்டு போரிட்டனர். புத்தர் வந்து போரை விலக்கி, அதில் அமர்ந்து அறம் உரைத்தார். மகாவம்சமும் நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருகனும் மணியாசனத்துக்காகப் பொருததைச் சொல்கிறது. மணிபல்லவத்தை நயினாதீவாகக் கொள்வோர் பலர்.

அதே பீடிகையின் முன் காப்பியத் தலைவி மணிமேகலை நின்றபோது தன் பழம்பிறப்பை உணர்ந்தாள். அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெற்று, பசித்தோர்க்குச் சோறிடப் புகார் நகர் திரும்பினாள். மன்னர் கண்டதும் அவள் கண்டதும் ஒரே கல். உடைமை எண்ணத்தோடு அணுகியவர்க்கு அது போர்க்களமாயிற்று. வணங்கி நின்றவளுக்கு அறச்சாலைக்கு வழியாயிற்று.

சுன்னாகத்துக்கு அருகே கந்தரோடையில், 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் ஆராய்ந்து வெளியுலகுக்கு அறிவித்த தூபிகளும் இவ்வழியே நோக்கத் தக்கவை. அவை முருகைக்கல்லால் ஆனவை. அநுராதபுரத்துப் பெருந்தூபிகளின் அருகே வைத்து எண்ண முடியாத அளவு சிறியவை. இன்று நாம் காண்பவற்றுட் பல பின்னாளில் மீளக் கட்டப்பட்டவை. துறவியரின் எச்சங்களை வைத்த நினைவுச் சின்னங்கள் இவை எனக் கருதும் அறிஞரும் உளர். கண்ணைக் கவரும் சிற்பமோ வண்ணமோ இங்கில்லை. வட்ட அடித்தளமும் அரைக்கோள அண்டமுமே உண்டு. பார்வைக்குப் புறத்தே பற்றுக்கோடு குறையக் குறைய, மனம் தன்பக்கம் திரும்புகிறது. நான் இங்கு எதை நாடி வந்தேன் என்ற கேள்வி அப்போது தானே எழும்.

படைத்தவரின் எண்ணத்தையும் நாம் நினைக்க வேண்டும். இக்குடாநாட்டின் வல்லிபுரத்தில் 1936இல் வெளிப்பட்ட பொற்சாசனம், தொல்லியலாளர் பரணவிதானவின் வாசிப்பின்படி, வசப மன்னன் காலத்தில் பியகுக திசன் என்பவன் விகாரை அமைத்ததைக் கூறுகிறது. கொடுக்குமுன் மகிழ்வு, கொடுக்கையில் தெளிவு, கொடுத்தபின் நிறைவு என ஈகையின் மூன்று நிலைகளிலும் உள்ளத்தைக் காக்கச் சொல்கிறது பௌத்தம். அந்த விகாரை இன்றில்லை. கொடுத்தவன் பெயரும் கொடையின் செய்தியும் நிற்கின்றன.

இச்சின்னங்கள் எவருடையவை என்ற வழக்கு நம் காலத்திலும் ஓயவில்லை. தமிழரும் பௌத்தராய் வாழ்ந்தனர் என்பதற்கு மணிமேகலையே சான்று. ஆதலால் இவற்றை அயலாருடையவை என ஒதுக்குவதும், தமிழர்க்கு இவற்றில் இடமில்லை என்பதும் ஒருங்கே பிழை. நாகமன்னர் செய்த தவற்றை நாம் மீண்டும் செய்யலாகாது. நம் பிள்ளைகளைக் கந்தரோடைக்கு அழைத்துச் செல்வோம். தூபிகளின் காலத்தையும் வரலாற்றையும் கற்பிப்போம். அவற்றின் முன் சிறிது நேரம் பேசாதிருந்து, தத்தம் எண்ணத்தை ஆராயவும் பழக்குவோம்.